வில்லோடு நீல்காயைத் தேடி... டெக்சாஸ் முள்காட்டில் ஒரு நாள்!

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கடலோர நகரமான கார்பஸ் கிறிஸ்டியிலிருந்து தெற்கே கிளம்பினால், கிங்ஸ்வில் ஊர் வரை கடை கண்ணிகள் உண்டு. அதற்கப்புறம் 77-ம் எண் நெடுஞ்சாலையில் ஊர்கள் ஒவ்வொன்றாகக் குறையும். சரிட்டா என்கிற சின்னஞ்சிறு ஊரைத் தாண்டிவிட்டால், ரேமண்ட்வில் வரும் வரை பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது. டேங்கை நிரப்பிக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டு பக்கமும் கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் மணல், புல், முள்மரம். கண்ணுக்கு எட்டிய வரை இதேதான்.

இந்தப் பகுதிக்குக் கெனடி கவுன்ட்டி என்று பெயர். ஜனாதிபதி கென்னடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 19-ம் நூற்றாண்டில் இங்கே பண்ணை வைத்திருந்த மிஃப்லின் கெனடியின் பெயர் அது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தக் கவுன்ட்டி முழுவதிலும் வசித்தவர்கள் 350 பேர். நம்மூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அடங்கிவிடுவார்கள்!

ஆனால், தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு அந்தக் காடு அந்நியமாகத் தெரியாது. ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு ஜன்னல் வழியே பார்த்த காட்சி மாதிரியே இருக்கும். காரணம், அங்கே மண்டிக் கிடக்கும் 'மெஸ்கீட்' மரம் நம்மூர் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். நடுநடுவே தலைகாட்டும் சப்பாத்திக்கள்ளியும் நம்மூருக்கு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். அங்கிருந்து இங்கே முள் வந்தது. இங்கிருந்து அங்கே என்ன போனது?

வேலிக்கு அந்தப் பக்கம் உற்றுப் பார்த்தால் தெரியும். காலை வெயில் ஏறுவதற்கு முன், குதிரை உயரத்தில், சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில் ஒரு மிருகம் தலையைத் தூக்கி நிற்கும். கார் நின்றால் போதும், திரும்பி ஓட ஆரம்பித்துவிடும். அதுதான் நீல்காய். வட இந்தியாவின் வயல்வெளிகளில் திரியும் அதே நீல்காய்!

பசுவும் இல்லை, மானும் இல்லை

'நீல்' என்றால் நீலம், 'காய்' என்றால் பசு. இந்தியில் பெயர் அப்படி இருந்தாலும் இது பசு இல்லை; மானும் இல்லை. இரலை இனத்தைச் சேர்ந்தது. மானின் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும், கிளை விடும். இரலையின் கொம்பு விழாது, கிளைக்காது. வேதாரண்யம் பக்கத்துக் கோடியக்கரையிலும் சென்னை கிண்டியிலும் இருக்கிறதே வெளிமான், அதுவும் இரலைதான். ஆசியாவின் இரலைகளிலேயே உருவத்தில் பெரியது நீல்காய்.

வளர்ந்த ஆண் நீல்காய் 240 கிலோ வரை சாதாரணமாக எடை போடும். தோள் உயரம் நான்கரை, ஐந்து அடி. முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் சரிந்த முதுகு. தொண்டையில் வெள்ளைத் திட்டு, அதன் கீழே தாடி மாதிரி ஒரு குஞ்சம். இவ்வளவு பெரிய உடம்புக்குக் கொம்பு மட்டும் ஒரு சாண்தான் இருக்கும். பெண்ணுக்குக் கொம்பு கிடையாது. நிறமும் மங்கிய பழுப்பு.

பார்க்கச் சாதுவாக இருந்தாலும் கண்ணும் காதும் படு கூர்மை. இந்தியாவில் புலியும் சிறுத்தையும் பதுங்கித் திரியும் காடுகளில் வாழ்ந்து பழகிய மிருகம் இது. டெக்சாஸில் புலி இல்லை. ஆனால் அந்தப் பயம் அதன் உடம்பை விட்டுப் போகவில்லை.

பண்ணைக்கு வந்த விருந்தாளி

இந்தப் பகுதியின் கதையே 'கிங் ராஞ்ச்' என்கிற கால்நடைப் பண்ணையின் கதைதான். 1853-ல் ரிச்சர்ட் கிங் என்கிற படகு கேப்டன் தொடங்கியது. இன்று அதன் பரப்பு 8,25,000 ஏக்கர். சென்னை மாநகராட்சியைப் போல ஏழு மடங்குக்கும் மேல்!

இந்தப் பண்ணைக்கு இந்தியாவோடு ஏற்கெனவே ஒரு தொடர்பு உண்டு. டெக்சாஸ் வெயிலையும் பூச்சிக்கடியையும் ஐரோப்பிய மாடுகள் தாங்கவில்லை. எனவே ஓங்கோல், கிர் போன்ற நம் திமில் மாடுகளின் வழிவந்த 'பிராமன்' மாட்டையும் ஆங்கிலேய ஷார்ட்ஹார்ன் மாட்டையும் கலந்து புது இனத்தை உருவாக்கினார்கள். 'சான்டா கெர்ட்ரூடிஸ்' என்கிற அந்தச் செம்மாட்டை 1940-ல் அமெரிக்க அரசு தனி இனமாக அங்கீகரித்தது.

அதே பண்ணைதான் நீல்காயையும் கொண்டுவந்தது. பண்ணையின் நோரியாஸ் பகுதியைப் பார்த்துக்கொண்ட சீசர் கிளேபர்க் வனவிலங்குகளில் ஆர்வம் உள்ளவர். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மிருகக்காட்சி சாலையிலிருந்து நீல்காய்கள் வாங்கி வரப்பட்டு, அந்த மணல்காட்டில் அவிழ்த்துவிடப்பட்டன. வெயில் பழகியது, புல் பழகியது. பெண் நீல்காய் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். வேலி தடுக்கவில்லை. இன்று தெற்கு டெக்சாஸில் அவற்றின் எண்ணிக்கை 30,000-ஐத் தாண்டும் என்கின்றன மதிப்பீடுகள்.

அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாத ஒரே விஷயம் குளிர். 2021 பிப்ரவரியில் டெக்சாஸை உறையவைத்த பனிப்புயலில் நீல்காய்கள் ஏராளமாகச் செத்து விழுந்தன. எவ்வளவு தலைமுறை ஆனால் என்ன? ரோமமும் தோலும் இன்னமும் நம்மூர்த் தட்பவெப்பத்துக்குத் தைத்த சட்டைதான்.

டெக்சாஸ் சட்டத்தில் நீல்காய் உள்ளூர் வேட்டை விலங்கு கிடையாது, 'வெளிநாட்டு விலங்கு'. அதனால் வெள்ளைவால் மானுக்கு இருப்பதுபோல் வேட்டைக்காலம், இத்தனைதான் என்கிற எண்ணிக்கை வரம்பு எதுவும் இதற்கு இல்லை. வேட்டை உரிமமும் நில உரிமையாளரின் அனுமதியும் இருந்தால் போதும், ஆண்டு முழுவதும் வேட்டையாடலாம். டெக்சாஸின் நிலம் பெரும்பாலும் தனியாருடையது என்பதால் வேட்டை அங்கே ஒரு தொழில். ஒரு ஆண் நீல்காயை வேட்டையாடப் பண்ணைக்குச் சில ஆயிரம் டாலர் கட்டணம் தர வேண்டும். பெரும்பாலானவர்கள் தொலைநோக்கி பொருத்திய ரைஃபிளோடு வருகிறார்கள். இருநூறு மீட்டரில் நின்று சுட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஒரு சிறிய கூட்டம் மட்டும் மர வில்லோடு வருகிறது.

'வில் மரம்' விளையும் நாடு

இப்போது கடைகளில் அதிகம் விற்பது 'காம்பவுண்ட்' வில். அதன் இரண்டு முனைகளிலும் சக்கரங்கள் இருக்கும். நாணை முழுக்க இழுத்த பிறகு கையில் நிற்கும் பாரம் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். குறிபார்க்கக் கருவி, நாணை விடுவிக்கக் கருவி எல்லாம் உண்டு. பாரம்பரிய வில்லாளர்கள் இதைத் தொடமாட்டார்கள். ஒரே வளைவாக நிற்கும் நெடுவில், அல்லது ஒலிம்பிக்கில் பார்த்திருப்போமே, முனைகள் எதிர்ப்பக்கம் வளைந்த 'ரீகர்வ்' வில். இவை இரண்டும்தான் அவர்களுக்கு. ஒலிம்பிக் வில்லில் இருக்கும் குறிபார்க்கும் கருவிகூட இருக்காது. நாணை இழுத்தால் இருபது, இருபத்தைந்து கிலோ பாரம் முழுதும் விரல்களில் நிற்கும். நாலைந்து நொடிக்கு மேல் கை நடுங்க ஆரம்பித்துவிடும்.

டெக்சாஸுக்கும் வில்லுக்கும் பழைய உறவு. மாநிலத்தின் வடக்கே சிவப்பு ஆற்றுப் பகுதியில் 'ஓசேஜ் ஆரஞ்சு' என்றொரு மரம் வளர்கிறது. மஞ்சள் வைரம் பாய்ந்த மரம், லேசில் உளுத்துப்போகாது. வளைத்தால் உடையாமல் துள்ளி நிமிரும். அந்தக் காலத்தில் அங்கே வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு 'வில் மரம்' என்ற பொருளில் 'ப்வா தார்க்' என்று பெயர் வைத்தார்கள். உள்ளூர் நாக்கில் அது 'போடார்க்' ஆகிவிட்டது. சமவெளியில் குதிரை மேலிருந்து காட்டெருமை வேட்டையாடிய கோமாஞ்சி மக்களின் குட்டை வில்கள் இந்த மரத்துக்குப் பேர்போனவை. இன்றும் கையால் வில் செதுக்குகிறவர்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

துப்பாக்கி வந்த பிறகு வில் வேட்டை அமெரிக்காவில் ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. அது மறுபடி தலையெடுத்ததற்கு ஒரு பழங்குடி மனிதரும் ஒரு டாக்டரும் முக்கியக் காரணம். 1911-ல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில், பசியில் வாடிய ஒரு மனிதர் மலைக்காட்டிலிருந்து வெளியே வந்தார். யாஹி மக்களில் உயிரோடு மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான். தன் பெயரைச் சொல்வது அவர்கள் வழக்கம் இல்லை. ஆகவே அவரை 'இஷி' என்று அழைத்தார்கள். அவர்கள் மொழியில் 'மனிதன்' என்று பொருள்.

இஷிக்கு வைத்தியம் பார்த்த சாக்ஸ்டன் போப் என்கிற அறுவை சிகிச்சை நிபுணர், அவரிடமே வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். எய்வதைவிட நெருங்குவதில்தான் இஷியின் வித்தை இருந்தது. உதட்டைக் கையில் வைத்து உறிஞ்சி, அடிபட்ட முயல் கத்துவதுபோல் ஒலி எழுப்புவார். அந்தச் சத்தத்துக்கு மிருகங்கள் தாமாகத் தேடி வரும். 1916-ல் இஷி காசநோயில் இறந்தார். 1923-ல் போப் எழுதிய வில் வேட்டைப் புத்தகம் ஒரு தலைமுறையையே மறுபடி வில்லைக் கையில் எடுக்கவைத்தது.

காற்று சொல்லும் வழி

கெனடி கவுன்ட்டி மணல்காட்டில் ஒரு வில்லாளரின் நாள் இருட்டிலேயே தொடங்கிவிடும். சட்டைப்பையில் டால்கம் பவுடர் நிரப்பிய சின்ன டப்பா ஒன்று இருக்கும். அடிக்கொரு தரம் அதை அழுத்தினால் தூள் பறந்து காற்று எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும். காற்று எப்போதும் முகத்தில் மோத வேண்டும். முதுகில் பட்டால் மனித வாடை முன்னே போய்விடும். அன்றைக்கு வேட்டை முடிந்தது என்று அர்த்தம். பக்கத்தில் கடல் இருப்பதால் அங்கே காற்று ஓய்வதில்லை. அது வாடையையும் அடித்துப் போகும், காலடிச் சத்தத்தையும் அமுக்கிவிடும்.

மான் வேட்டைக்கு டெக்சாஸில் ஒரு சுலப வழி உண்டு. மக்காச்சோளம் தூவும் இயந்திரத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் மறைந்து உட்கார்ந்தால் மான் வந்துவிடும். நீல்காய் அப்படி லேசில் சோளத்துக்கு மயங்காது. அதன் பழக்கம் தெரிந்தால்தான் அதைப் பார்க்க முடியும்.

அதன் பழக்கங்களில் ஒன்று விநோதமானது. நீல்காய் புழுக்கை போட ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். திறந்த மணலிலோ வண்டித் தடத்திலோ அந்தக் குவியல் இருக்கும். புழுக்கை ஈரமாக இருந்தால் மிருகம் பக்கத்தில்தான் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் அந்தக் குவியலுக்கு வரும் தடங்களைப் பார்த்து, காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஒரு மெஸ்கீட் புதரில் ஒண்டிக்கொள்வார்கள். வெயில் கொளுத்தும் மாதங்களில் காற்றாலை இறைக்கும் தண்ணீர்த் தொட்டிகளின் ஓரமும் நல்ல இடம்.

அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். ஒரு மணி நேரம், மூன்று மணி நேரம். கொசுவை அடிக்கக்கூடாது. முதுகில் கள்ளிமுள் குத்தினாலும் நகரக்கூடாது. கண் முன்னால் பச்சைக் காக்கைகள் சண்டை போடும். காட்டுப்பன்றிக் குடும்பம் ஒன்று உறுமிக்கொண்டு போகும். தூரத்தில் நீல்காய் தெரியும். அங்கேயே மேய்ந்துவிட்டு அங்கேயே மறைந்துவிடும்.

சில நாளில் நெருங்கி வரும். அப்போதுதான் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கும்.

கண் சிமிட்டும் நேரக் கணக்கு

பாரம்பரிய வில்லில் எய்த அம்பு நொடிக்கு ஏறக்குறைய 55 மீட்டர் போகும். நாண் அதிரும் சத்தமோ நொடிக்கு 340 மீட்டர் போகும். பதினெட்டு மீட்டர் தூரத்தில் நீல்காய் நின்றால், சத்தம் அதன் காதை 0.05 நொடியில் எட்டிவிடும். அம்பு போய்ச் சேர 0.33 நொடி ஆகும். நடுவில் கால் நொடிக்கு மேல் இருக்கிறது. மிரண்ட மிருகம் உடம்பைத் தாழ்த்தித் திரும்ப அது போதும். தூரம் இரண்டு மடங்கானால் அந்த இடைவெளியும் இரண்டு மடங்காகும். நுரையீரலுக்குக் குறிவைத்த அம்பு வயிற்றில் போய்த் தைக்கும்.

அம்பு, துப்பாக்கிக் குண்டுபோல் அடித்துச் சாய்ப்பதில்லை. அது அறுக்கிறது. இரண்டு நுரையீரலையும் கடந்து போனால் பெரும்பாலும் சில நொடிகளில் மிருகம் விழுந்துவிடும். வயிற்றில் தைத்தால் மணிக்கணக்கில் தவிக்கும். சில சமயம் கிடைக்காமலே போய், புதருக்குள் எங்கோ சாகும். ஆண் நீல்காய்க்குக் கழுத்திலும் தோளிலும் தோல் கேடயம் மாதிரி தடித்திருக்கும். இதயமும் நுரையீரலும் மார்பின் முன்பக்கம், தாழ்வாக, முன்னங்கால்களுக்கு நடுவே பதுங்கியிருக்கும். மானுக்குப் பழகிய கண்ணோடு எய்தால் அம்பு பின்னால் தள்ளிப் பட்டுவிடும். அதனால்தான் நீல்காய்க்கு எய்யும் அம்பு 40 கிராம் வரை கனமாக, சவரக்கத்திபோல் தீட்டிய இரண்டே அலகோடு இருக்கும்.

ஆகவே பாரம்பரிய வில்லாளர்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் தனக்கென ஒரு தூரத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? தினமும் காலையில், கை சூடேறுவதற்கு முன், ஒரே ஒரு அம்பு. அது எத்தனை தூரம் வரை தவறாமல் சிறு தட்டளவு வட்டத்துக்குள் விழுகிறதோ, அதுதான் அவருடைய எல்லை. ஐம்பது அம்பு எய்த பிறகு விழும் அழகான குறி கணக்கில் வராது. ஏனென்றால் காட்டில் கிடைப்பது முதல் அம்பு மட்டும்தான். பெரும்பாலானவர்களுக்கு அந்த எல்லை இருபது மீட்டருக்குள் முடிந்துவிடும்.

நீல்காய் இருபத்தைந்து மீட்டரில் நிற்கிறதா? வில்லைத் தாழ்த்த வேண்டும். பதினைந்தில் நிற்கிறது, ஆனால் நேருக்கு நேராக மார்பைக் காட்டுகிறதா? தாழ்த்த வேண்டும். பக்கவாட்டில்தான் நிற்கிறது, ஆனால் காது விறைத்து இந்தப் பக்கமே பார்க்கிறதா? அப்போதும் தாழ்த்தத்தான் வேண்டும். சில ஆயிரம் டாலர் கட்டி, ஆயிரம் மைல் வண்டியோட்டி வந்து, மூன்று நாள் முள்ளில் கிடந்துவிட்டு, கடைசி மாலையில் கிடைக்கும் ஒரே வாய்ப்பில் நாணைத் தளர்த்துவது சாதாரணம் இல்லை. வில் வேட்டையில் ஒரு மனிதரை எடைபோடும் இடம் அதுதான். எய்த அம்புகளைவிட எய்யாமல் விட்ட அம்புகளே அவருடைய தரத்தைச் சொல்கின்றன.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சி நம் நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது. முகலாய மன்னர் ஜஹாங்கீருக்கு நீல்காய் வேட்டையில் தீராத மோகம். அவருடைய அரசவை ஓவியர் மன்சூர் தீட்டிய நீல்காய் ஓவியம் இன்றும் புகழோடு இருக்கிறது. ஒருநாள் துப்பாக்கியோடு நீல்காயை நெருங்கிய நேரத்தில் ஒரு குதிரைப் பணியாளும் இரண்டு பல்லக்குத் தூக்கிகளும் எதிர்ப்பட, மிருகம் ஓடிவிட்டது. பணியாளை அங்கேயே கொல்லவும் மற்ற இருவரின் குதிகால் நரம்பை அறுக்கவும் ஆணையிட்டதாக ஜஹாங்கீரே தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். வெறுங்கையோடு திரும்பத் தெரியாத மன்னரைவிட, அதைப் பழகிக்கொண்ட சாதாரண வில்லாளர் எவ்வளவோ மேல்!

உண்ணி ஏறிய வேலி

எய்யாமல் திரும்புவது பெருமை என்றால், நீல்காயை அப்படியே விட்டுவிடலாமே என்று தோன்றும். விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை.

மாடுகளுக்கு வரும் ஒருவகைக் கொடிய காய்ச்சலை உண்ணிகள் பரப்புகின்றன. அந்த உண்ணியை ஒழிக்க அமெரிக்கா 1906-ல் ஒரு பெரும் திட்டத்தைத் தொடங்கியது. மாடுகளை மருந்துத் தொட்டியில் முக்கி முக்கி எடுத்து, 1943 வாக்கில் நாடு முழுவதும் அதை ஒழித்தார்கள். மெக்சிகோ எல்லையில் ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிய ஒரு நீண்ட பட்டையை மட்டும் இன்றும் கண்காணிப்பில் வைத்திருக்கிறார்கள்.

மாட்டைத் தொட்டியில் முக்கலாம். நீல்காயை எப்படி முக்குவது? அது அந்த உண்ணியைச் சுமக்கிறது. மானைவிட அதிக தூரம் அலைகிறது. வேலியைத் தாண்டிக் குதிப்பதைவிட, அடிக்கம்பிக்குக் கீழே மண்ணைக் குடைந்த பள்ளத்தில் நுழைந்து போவதுதான் அதன் வழக்கம். ஒரு பண்ணையில் உண்ணி கண்டுபிடிக்கப்பட்டால் மாடுகளை விற்கவும் நகர்த்தவும் கட்டுப்பாடு வந்துவிடும். சிறு பண்ணையாளருக்கு அது பெரிய அடி. ஆகவே சில இடங்களில் ஹெலிகாப்டரிலிருந்து நீல்காய்களைச் சுட்டுக் குறைக்கிறது அரசு. வெயிலைத் தாங்கவும் உண்ணியைச் சமாளிக்கவும் இந்திய மாட்டு ரத்தத்தை நாடிய அதே மண்ணுக்கு, இந்திய மிருகம் ஒன்றே உண்ணியைச் சுமந்து வருகிறது!

இன்னொரு வழி இறைச்சி. கொழுப்பு குறைந்த நீல்காய் இறைச்சிக்கு அமெரிக்காவின் பெரிய உணவகங்களில் நல்ல மதிப்பு. அரசு ஆய்வாளர் உடனிருக்க, நடமாடும் கூடத்தில் சுத்தம் செய்து அனுப்புகிறார்கள். வில்லாளர்களும் கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவதில்லை. ஒரு நீல்காயின் இறைச்சி ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் வரும்.

வில்லால் 30,000 மிருகங்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த முடியாது. அது வில்லாளர்களுக்கும் தெரியும். எண்ணிக்கை குறைய வேண்டும் என்பது மண்ணின் கணக்கு. ஆனால், சாகிற மிருகம் ஒவ்வொன்றும் தவிக்காமல் சாக வேண்டும் என்பது வேறு கணக்கு. அந்த இரண்டாவது கணக்கை அவர்கள் விடுவதாக இல்லை.

அங்கே விலை, இங்கே வினா

பிறந்த நாட்டில் நீல்காயின் நிலை என்ன? 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் வனவிலங்கு வேட்டைக்குத் தடை. பெயரில் 'பசு' இருப்பதால் வட இந்திய விவசாயிகள் பலர் அதைக் கொல்லத் தயங்குவார்கள். ஆனால் ஒரே இரவில் கோதுமையையும் பருப்பையும் மிதித்து மேய்ந்துவிட்டுப் போகும்போது அதே விவசாயி கண்ணீர் விடுவார். பீகாரில் அதை ஓராண்டுக்குப் 'பயிர் அழிக்கும் விலங்கு' என்று அறிவித்தார்கள். 2016 ஜூனில் மொகாமா பகுதியில், வெளியூரிலிருந்து வரவழைக்கப்பட்ட துப்பாக்கிக்காரர்கள் 200-க்கும் மேற்பட்ட நீல்காய்களைச் சுட்டார்கள். நாடே இரண்டுபட்டு விவாதித்தது. மத்திய அமைச்சர்களே எதிரெதிராகப் பேசினார்கள்.

அங்கே ஒவ்வொரு நீல்காய்க்கும் விலை இருக்கிறது. அதனாலேயே பண்ணையாளர் அதற்கு இடம் விடுகிறார். இங்கே விலை இல்லை, மரியாதை இருக்கிறது. ஆனால் நஷ்டம் முழுவதும் விவசாயி தலையில். எது சரி என்று சட்டென்று சொல்லிவிட முடியாது.

வெளிமான் கதையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1932 முதல் டெக்சாஸின் குன்றுப்பகுதிப் பண்ணைகளில் வெளிமான்களையும் வளர்த்தார்கள். பாகிஸ்தானில் அவை காட்டிலிருந்து அற்றுப்போன பிறகு, மீண்டும் அங்கே வளர்க்க 1970-ல் வெளிமான்கள் போனது டெக்சாஸிலிருந்துதான். வேட்டைக்காக வளர்த்த மந்தை, பிறந்த மண்ணுக்கு விதையாகத் திரும்பியது.

போகிறவர்களுக்கு...

வில்லும் வேண்டாம், வேட்டையும் வேண்டாம், நீல்காயைப் பார்த்தால் போதும் என்பவர்கள் ஹார்லிங்கன் நகருக்குக் கிழக்கே உள்ள 'லகுனா அடஸ்கோசா' தேசிய வனவிலங்குப் புகலிடத்துக்குப் போகலாம். 1946-ல் தொடங்கிய இடம். அமெரிக்காவில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கும் ஓசலாட் என்கிற புள்ளிக் காட்டுப்பூனையின் வீடு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் இதமாக இருக்கும். வலசை வரும் வாத்துகளையும் பார்க்கலாம். விண்ணப்பித்து அனுமதி பெறுகிறவர்களுக்காக அங்கே வில் வேட்டை நாட்களும் உண்டு. அந்த நாட்களில் சில பகுதிகள் மூடியிருக்கும் என்பதால் தேதியை விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

77-ம் எண் சாலையில் வடக்கே திரும்பும்போது சரிட்டா அருகே எல்லைக் காவல் சோதனைச்சாவடி இருக்கிறது. பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். வேலிக்குள் கால் வைக்கக்கூடாது. அது தனியார் நிலம். சாலையோரம் வண்டியை ஒதுக்கி நிறுத்திப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

மிருகம் கண்ணில் படாவிட்டாலும் பரவாயில்லை. வேலியின் அடிக்கம்பியைப் பார்த்துக்கொண்டே போனால், எங்காவது ஓரிடத்தில் அதன் கீழே மணல் வழவழவென்று குழிந்திருக்கும். கம்பியில் சாம்பல் நிற ரோமம் நாலு இழை ஒட்டிக்கொண்டிருக்கும். ராத்திரி அந்த வழியாக நீல்காய் போயிருக்கிறது.